புளி பட்ட பித்தளை: தோ பாயோ வீட்டு நுண்ணோக்கி, ஒரு நிகழ்வு ஆய்வு

தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சிங்கப்பூரின் தோ பாயோ வட்டாரத்திலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார்.

"தம்பி, எங்க தாத்தாவோட மைக்ரோஸ்கோப் ஒண்ணு வீட்ல கெடக்கு. குத்துவிளக்கு தேய்க்கிறப்பவே அதையும் எடுத்துத் தேய்ச்சுக்கிட்டிருக்கேன். பாதி பளபளன்னு வந்திருச்சு. அதுக்குள்ள பெரியவன், உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கச் சொன்னான்."

"அக்கா, அப்படியே கீழ வச்சிருங்க. தண்ணி ஊத்தாதீங்க, தொடைக்காதீங்க. நான் இப்பவே கிளம்பி வர்றேன்" என்றேன்.

ஆய்வக நுண்ணோக்கிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். பழைய பித்தளைக் கருவிகள் மீதுள்ள ஆசை அந்தத் தொழிலிலிருந்து வந்தது. அந்த மாலை நான் பார்த்ததையும், அடுத்த மூன்று மாதத்தில் செய்ததையும், செய்யாமல் விட்டதையும் இங்கே எழுதி வைக்கிறேன். நம் வீடுகளில் இதுபோன்ற பொருள் இன்னும் சில இருக்கும். அவை பழைய இரும்புக்காரரிடம் போவதற்கு முன்போ, புளியில் ஊறுவதற்கு முன்போ யாராவது இதைப் படித்தால் நல்லது.

மேசைமேல் இருந்தவை

ஒன்றல்ல, இரண்டு கருவிகள் இருந்தன.

முதலாவது தாத்தாவுடையது. குதிரைலாட வடிவ அடி, கறுப்புப் பூச்சு. விளிம்புகளில் பூச்சு தேய்ந்து பித்தளை எட்டிப் பார்த்தது. அதன்மேல் தூண், தூணின் உச்சியில் நுண்ணிய குவியத்துக்கான திருகு, பக்கத்தில் பெரிய குவியத்துக்கான பற்சட்டம். மூன்று லென்ஸ் தாங்கும் சுழல்மூக்கு. அதில் 3, 7, 1/12 என்று பொறித்த மூன்று ஆப்ஜெக்டிவ்கள், அதாவது பார்க்கும் பொருளுக்குப் பக்கத்தில் நிற்கும் லென்ஸ்கள். அடியில் ஒளியைக் குவிக்கும் அபே கண்டென்சர், வெளிச்சத்தை மேலே திருப்பும் இருபுறக் கண்ணாடி. கூடவே பூட்டு உடைந்த மரப்பெட்டி, அதற்குள் ஒரு சின்ன இழுப்பறை.

இரண்டாவது அக்காவின் இளைய மகன் இணையத்தில் 380 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) வாங்கியது. தாத்தாவின் கருவிக்கு ஜோடியாக இருக்கட்டும் என்று ஆசையாக வாங்கியிருக்கிறான். முழுக்க மஞ்சளாகப் பளபளத்தது. லண்டன் நிறுவனம் ஒன்றின் பெயரும் 1885 என்ற ஆண்டும் பெரிய எழுத்தில் பொறித்திருந்தன. வீட்டில் எல்லோருடைய மதிப்பும் இதன்மேல்தான் இருந்தது. தாத்தாவுடையது அழுக்கேறிய கிழட்டுப் பொருளாகப் பக்கத்தில் நின்றது. அதையும் இதைப் போல ஆக்கிவிட வேண்டும் என்றுதான் அக்கா புளியைக் கரைத்திருக்கிறார்.

என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார்கள். உண்மையான பழசுதானா? என்ன விலை பெறும்? என்ன செய்ய வேண்டும்?

குடும்பத்தின் கதை

தாத்தா மலாயாவின் ஜொகூரில் ஒரு ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் டிரெஸ்ஸராக இருந்தவர். காயத்துக்குக் கட்டுப் போடுவதிலிருந்து, மலேரியாவுக்குக் கொய்னா மருந்து கொடுப்பது, ரத்தம் எடுத்துப் பார்ப்பது வரை எல்லாம் அவர்தான். வெள்ளைக்கார டாக்டர் சுற்றில் வரும் நாள் தவிர மற்ற நாளெல்லாம் தோட்டத்துக்கு டாக்டர் அவரே. இதுவரை கதையில் சிக்கல் இல்லை.

அதற்குமேல் இரண்டு சங்கதிகள் சொன்னார்கள். ஒன்று, மலேரியா கொசுவால் பரவுவதைக் கண்டுபிடித்த ரொனால்ட் ராஸ் இந்தியாவில் பயன்படுத்திய நுண்ணோக்கி இதுதான், கைமாறிக் கைமாறித் தாத்தாவிடம் வந்தது என்பது. மற்றது, ஜப்பான்காரன் வந்தபோது தாத்தா இதைக் கைலியில் சுற்றிச் சிங்கப்பூருக்குத் தூக்கி வந்தார் என்பது.

குடும்பக் கதைகளை நான் அலட்சியமாகக் கேட்பதில்லை. எழுதி வைத்துக்கொள்வேன். கருவி எதை ஒப்புக்கொள்கிறது, எதை மறுக்கிறது, எதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பேன்.

எண் சொன்னது

நுண்ணோக்கியின் குழாயான பீப்பாயின் மேல் எர்ன்ஸ்ட் லைட்ஸ், வெட்ஸ்லார் என்று ஜெர்மன் நிறுவனத்தின் பெயர் பொறித்திருந்தது. பின்னாளில் லைக்கா கேமராவைச் செய்த அதே நிறுவனம். கேமரா விற்பனைக்கு வந்தது 1925இல். அதற்கு வெகுநாள் முன்பே உலகமெங்கும் ஆய்வகங்களுக்கு நுண்ணோக்கி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பெயருக்குக் கீழே 127 என்று தொடங்கும் ஆறிலக்க எண்.

லைட்ஸ் கருவிகளில் ஆண்டு பொறிப்பதில்லை. வரிசை எண்தான் பிறப்புச் சான்றிதழ். அதைப் படிக்க இரண்டு மைல்கற்கள் உதவும். நிறுவனம் தன் 1,00,000ஆவது நுண்ணோக்கியை 1907இல் ராபர்ட் கோக்குக்குப் பரிசளித்தது. காசநோய்க் கிருமியை 1882இல் கண்டவர் அவர். 1,50,000ஆவது 1912இல் மருத்துவ ஆய்வாளர் பால் எர்லிக்குக்குப் போனது. நம் கருவி இரண்டுக்கும் நடுவே இருப்பதால் 1907க்கும் 1912க்கும் இடையில் வெட்ஸ்லாரை விட்டுக் கிளம்பியிருக்கிறது.

ராஸ், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைச் செகந்தராபாத்தில் பார்த்தது 1897 ஆகஸ்ட் 20. அப்போது இந்த நுண்ணோக்கி செய்யப்படவே இல்லை. முதல் கதை அங்கேயே முடிந்தது. அக்காவின் முகம் வாடியதைப் பார்த்தேன். ஆனால் கருவி அதைவிடப் பெரிய ஒன்றைச் சொல்லக் காத்திருந்தது. அது எனக்கே அப்போது தெரியாது.

இரண்டாவது கதையை எண்ணால் சோதிக்க முடியாது. பின்வாங்கிய பிரிட்டிஷ் படை, சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கும் பாலத்தைத் தகர்த்தது 1942 ஜனவரி 31. அதற்கு முன் குடும்பம் கடந்து வந்திருக்கலாம். பெட்டியின் ஒரு மூலை நசுங்கியிருக்கிறது, பூட்டு வெளியிலிருந்து நெம்பப்பட்டிருக்கிறது. இவை கதைக்கு முரணாக இல்லை. சான்றாகவும் ஆகாது. "குடும்ப வழக்கு" என்ற தலைப்பில் எழுதி வைத்தேன்.

புளி செய்த வேலை

இந்த ஆய்வின் நடு இதுதான்.

பித்தளை என்றால் தேய்க்க வேண்டும். இது நம் கையில் ஊறிய பழக்கம். குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் எல்லாவற்றுக்கும் அது சரி. அவை வெறும் பித்தளை. மாதம் ஒருமுறை தேய்த்தாலும் தேய்மானம் அவற்றின் அழகோடு சேரும். பழைய நுண்ணோக்கியின் பொன்னிறம் அப்படி வந்ததல்ல. நாம் பார்ப்பது பித்தளையை அல்ல, அதன்மேல் பூசிய அரக்கை.

மரத்தில் பூச்சி சுரக்கும் அதே அரக்கு. அதைத் தூய்மையாக்கி ஸ்பிரிட்டில் கரைத்து, நிறத்துக்கு மஞ்சளும் வேறு மரப்பிசின்களும் சேர்ப்பார்கள். கடைந்து மெருகிட்ட பித்தளையைக் கைபொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சி, மெல்லிய தூரிகையால் ஒரே இழுப்பில் பூசுவார்கள். இரண்டாவது முறை தூரிகை பட்டால் கோடு விழுந்துவிடும். அப்படிப் பூசிய படலம் தலைமுடியைவிட மெலிது. நூறாண்டு காற்றைத் தடுத்து நின்றது அந்தப் படலம்தான். இந்தியக் காட்டில் விளைந்த அரக்கு ஐரோப்பியப் பட்டறையின் பித்தளையில் ஏறி, மலாயாத் தோட்டத்துக்கு வந்து, தமிழர் ஒருவரின் விரல் பட்டுத் தேய்ந்திருக்கிறது. பீப்பாயைத் திருப்பிப் பார்க்கும்போது இந்த நினைவு என்னை விடவில்லை.

அரக்கு ஸ்பிரிட்டில் கரையும். காரமான சோப்பிலும் கரையும். தேங்காய் நாருக்குத் தாங்காது. அக்கா முதலில் புளியும் உப்பும் தேய்த்து, பிறகு பாத்திரம் துலக்கும் பவுடரைப் போட்டிருந்தார். மூன்றும் சேர்ந்து பீப்பாயின் வலப்பக்கத்தை உரித்துவிட்டன.

லென்ஸ் வைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் தேன்நிறம், அடியில் கடைசலின் நுண்கோடுகள் வளையம் வளையமாக ஓடின. கட்டைவிரல் படும் இடத்தில் மட்டும் அரக்கு தேய்ந்து மங்கியிருந்தது. வலக்கையால் குவியத் திருகைத் திருப்பி, இடக்கையால் பீப்பாயைப் பிடித்து வேலை செய்தவரின் தடம் அது. வலப்பக்கம் பளிச்சென்று இருந்தாலும் நிறம் லேசாக இளஞ்சிவப்பு. புளியின் அமிலம் மேற்பரப்பில் துத்தநாகத்தைத் தின்று செம்பை விட்டுவைத்ததன் அடையாளம். கடைசல் கோடுகள் அங்கே மழுங்கிவிட்டன. பொறிப்புக்குள் நிரப்பியிருந்த கறுப்பு மெழுகு, ஊர்ப் பெயரின் கடைசி எழுத்துகளிலிருந்து கழுவிப் போயிருந்தது. பற்சட்டத்தின் இரண்டு பல்லுக்கு நடுவே ஒரு புளிநார் சிக்கிக் கிடந்தது. பல்குச்சியால் மெதுவாக எடுத்தேன்.

அக்காவைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தையில், அது 2017 ஜூலை 10 அன்று மூடப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, என் முதல் பித்தளை நுண்ணோக்கியை வாங்கினேன். அன்று இரவே மெருகுக் களிம்பு போட்டு முழுக்கத் தேய்த்தேன். வாங்கியபோது இருந்த அரக்கில் ஒரு துளிகூட மிஞ்சவில்லை. ஒரு மாதத்தில் விரல் ரேகையெல்லாம் பழுப்பாகப் படிந்தது. இன்றும் அதை அலமாரியில் பார்க்கும்போது வலிக்கும்.

இனி என்ன செய்வது என்பதில் மூன்று வழி இருந்தது. மீதியையும் தேய்த்து ஒரே நிறமாக்கலாம். பெரியவன் கேட்டது இதைத்தான். முழுக்க உரித்துப் புது அரக்கு பூசலாம். செய்யத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அல்லது அப்படியே விடலாம். நான் மூன்றாவதைத்தான் சொன்னேன். மிஞ்சிய பாதி அரக்கு அசல். அதை அழித்துச் சமன் செய்தால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பொய்யாகிவிடும். தாத்தாவின் விரல் தடமும் போய்விடும்.

உரிந்த பக்கத்தைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சால் நான்கு முறை ஒற்றி, உப்பையும் பவுடரையும் எடுத்தேன். உலரவைத்து, அருங்காட்சியகங்களில் உலோகத்துக்கு இடும் நுண்படிக மெழுகைத் துணியில் தொட்டு மெல்லியதாகப் பூசினேன். வேண்டாம் என்று நினைத்தால் இந்த மெழுகை எப்போதும் எடுத்துவிடலாம். அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

பற்சட்டம் இறுகியிருந்தது. பழைய கிரீஸ் பசையாகிப் போயிருந்தது. இந்த இடத்தில்தான் பலர் பலம் போட்டுத் திருகி, பித்தளைப் பல்லை உடைத்துவிடுகிறார்கள். லைட்டர் எண்ணெய் ஒரு சொட்டைக் குச்சிமுனையால் வைத்து இரவு முழுக்க விட்டேன். அது கிரீஸை இளக்கும், அரக்கைத் தொடாது. மறுநாளும் ஒரு சொட்டு. மூன்றாம் நாள் விரல்நுனியால் திருப்பியதும் பீப்பாய் வழுக்கிக்கொண்டு இறங்கியது.

கண்ணாடிக்குள்

கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸ் இரண்டிலும் பூஞ்சை. சிங்கப்பூரில் இது எதிர்பார்த்ததுதான். ஆண்டு முழுக்க காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் ஊரில், மூடிய பெட்டிக்குள் தோலோ துணியோ இருந்தால் லென்ஸில் சிலந்திவலை போலப் படரும். இவை ஹைகன்ஸ் வகை ஐபீஸ். மேலும் கீழும் ஒவ்வொரு லென்ஸ், நடுவே வட்டத் தடுப்பு. இரு முனையும் மரையில் கழலும். துடைத்ததும் ஒன்று தெளிந்தது. மற்றதில் பூஞ்சை கண்ணாடியையே அரித்து வேர் போல் தடம் விட்டிருந்தது. அதற்கு மருந்து இல்லை.

1/12 ஆப்ஜெக்டிவ்தான் என்னை நிறுத்தியது. அங்குலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு குவியத்தூரம், ஏறக்குறைய 2.1 மில்லிமீட்டர். சிலைடுக்கும் லென்ஸுக்கும் நடுவே எண்ணெய் வைத்துப் பார்க்க வேண்டியது. அதன் முனையில் குன்றிமணி அளவுக்குப் பொன்மஞ்சள் பிசின் கட்டி நின்றது. தேவதாரு எண்ணெய். அந்தக் காலத்தில் இதற்கு அதைத்தான் வைப்பார்கள். துடைக்காமல் விட்டால் கல்லாக இறுகிவிடும். எறும்பையும் பூவிதழையும் வேடிக்கை பார்ப்பவருக்கு இந்த லென்ஸ் தேவையே இல்லை. கடைசியாக இதைப் பயன்படுத்தியவர் ஏழு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) அகலமுள்ள சிவப்பணுவுக்குள் எதையோ தேடியிருக்கிறார். எண்ணெயைத் துடைக்கக்கூட அவருக்கு நேரம் வாய்க்கவில்லை.

இழுப்பறையின் அடிமரத்தில் ஊதாநிறக் கறைகள். மலேரியாப் பார்வைக்கு ரத்தத்தில் போடும் லீஷ்மன், கீம்சா வகைச் சாயங்கள் மெத்திலீன் நீலமும் இயோசினும் கலந்தவை. சிந்தினால் இப்படித்தான் படியும். அந்தக் கறைமேல் செய்தித்தாளில் மடித்த மூன்று கண்ணாடிச் சிலைடுகள். இரண்டு உடைந்தவை. மூன்றாவதில் ரத்தப் படலம் முழுதாக இருந்தது. படலத்தின் தடித்த பக்கத்தில் பென்சிலால் கீறி எழுதியிருந்தார்கள்: எல் 4, அதன்கீழ் 17. பரிசோதகர்கள் காகிதச் சீட்டு ஒட்டாமல் ரத்தத்திலேயே கீறி எழுதும் வழக்கம் உண்டு.

தேவதாருப் பிசினைச் சைலீன் என்ற கரைப்பான் ஒற்றிய லென்ஸ் தாளால் சிறிது சிறிதாகக் கரைக்க ஒரு முழு மாலை ஆயிற்று. ஸ்பிரிட்டைக் கிட்டே கொண்டுவரவில்லை. பிறகு உள்பீப்பாயை இழுத்து, சுழல்மூக்கின் உயரத்தையும் சேர்த்து லைட்ஸின் அளவான 170 மில்லிமீட்டருக்கு வைத்தேன். முதலில் டையட்டம் சிலைடு ஒன்றைச் சோதித்தேன். புளூரோசிக்மா என்ற பாசியின் ஓட்டில் சுமார் அரை மைக்ரான் இடைவெளியில் புள்ளிகள் இருக்கும்; நல்ல லென்ஸ்தான் அவற்றைப் பிரித்துக் காட்டும். காட்டியது. நூறாண்டைத் தாண்டிய லென்ஸ், தோட்டத்து வெக்கையிலும் மழையிலும் கிடந்த லென்ஸ், புள்ளி புள்ளியாகக் காட்டியது.

அதன்பிறகு அந்த ரத்தச் சிலைடு. கையுறை போட்டு, கண்ணாடியின் தட்டைப் பக்கத்தைச் சிறு எல்இடி விளக்குக்குத் திருப்பி, புது எண்ணெய் ஒரு சொட்டு வைத்து இறக்கினேன். சாயம் வெகுவாக மங்கியிருந்தது. சிவப்பணுக்கள் நிழல்போலத் தெரிந்தன. பத்து நிமிடம் நகர்த்திக்கொண்டே போனேன். ஓரிடத்தில் ஒரு பிறை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. அணுவைவிடச் சற்று நீளமான வளைந்த உருவம், அதன் நடுவே பழுப்பு நிறமிக் குருணைகள். ரத்தத்தின் செம்பொருளைத் தின்று கிருமி விட்டுவைக்கும் கழிவு அந்த நிறமி. சாயம் போனாலும் அது போவதில்லை. 1880இல் அல்ஜீரியாவில் லாவரான் கண்ட பிறைகளும் இவைதான். ஃபால்சிபேரம் மலேரியா. கொல்லக்கூடிய வகை.

அக்காவை உட்காரவைத்துக் காட்டினேன். வெகுநேரம் கண்ணை எடுக்கவில்லை. "இதைத்தான் தாத்தா பாத்திருப்பாரா?" என்றார். "இதே சிலைடை, இதே லென்ஸ்ல பாத்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் அக்கா" என்றேன். அதற்குமேல் உறுதியாகச் சொல்ல என்னிடம் சான்று இல்லை.

இணையத்தில் வாங்கியது

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1885 என்று பொறித்த கருவியில் குறுக்குவெட்டுத் தலையுள்ள நான்கு திருகுகள். அந்த வகைத் திருகு புழக்கத்துக்கு வந்தது 1930களில். லென்ஸ் மரையும் பொருந்தவில்லை. ராயல் மைக்ராஸ்கோப்பிகல் சொசைட்டியின் அளவு 0.8 அங்குல விட்டம், அங்குலத்துக்கு 36 மரை. உலகம் முழுக்க நுண்ணோக்கித் தயாரிப்பாளர்கள் ஏற்றுக்கொண்டது. என் பழைய லென்ஸ்கள் தாத்தாவின் சுழல்மூக்கில் வெண்ணெய்போல் ஏறின. இதில் ஒன்றும் ஏறவில்லை. உள்ளே ஒற்றை லென்ஸ், அதன் ஓரத்தில் வண்ண விளிம்பு. பொறிப்பின் பள்ளத்துக்குள்ளும் பளபளப்பு. நூறாண்டுத் தூசி எங்குமே தங்கவில்லை.

அலங்காரப் பொருளாகப் பித்தளைக் கருவி செய்து விற்பது கௌரவமான தொழில். கைவினைஞர் மேல் எனக்கு வருத்தம் கிடையாது. இல்லாத பெயரையும் ஆண்டையும் பொறித்துப் பழசு என்று விற்றதுதான் ஏமாற்று. இளையவனிடம் படங்களோடு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தேன். விற்றவர் பதில் போடவில்லை.

விலை

"எவ்வளவு பெறும் தம்பி?" என்று கடைசியில் கேட்டார். 1907க்கும் 1912க்கும் நடுவில் மட்டும் லைட்ஸ் 50,000 கருவிகள் செய்திருக்கிறது. ஆண்டுக்குச் சராசரி 10,000. அரிதான பொருள் அல்ல. பெட்டியோடு, அரக்கு கெடாமல், எல்லா லென்ஸும் இருந்தால் சேகரிப்பாளர்கள் சில நூறு வெள்ளி தருவார்கள். பாதி உரிந்ததற்கு அதிலும் குறையும். இதை மறைக்காமல் சொன்னேன்.

"அந்தச் சிலைடோட சேத்தா?" என்றான் பெரியவன்.

சிலைடுக்கு விலை சொல்ல நான் மறுத்துவிட்டேன். அது யாரோ ஒருவருடைய ரத்தம். எல் 4 என்பது லயம் நான்காக இருக்கலாம் என்று அக்கா சொல்கிறார். தோட்டத்தில் வீடுகளை லைன், லயம் என்றுதான் சொல்வார்கள். பதினேழு ஆளின் எண்ணா, வீட்டின் எண்ணா, அன்றைக்கு எடுத்த பதினேழாவது ரத்தமா, தெரிய வழியில்லை. பெயர் எழுதவில்லை. மலாயாவின் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற டாக்டர் 1901இல் வடிகால் வெட்டி மலேரியாவைக் குறைத்துக் காட்டிய பிறகும், தோட்டங்களில் காய்ச்சல் பல காலம் ஆளைக் கொண்டுபோனது. இந்தப் பதினேழு பிழைத்தாரா என்று சொல்ல லென்ஸால் முடியாது.

விற்பதில்லை என்று குடும்பம் முடிவு செய்தது. கருவியை ஈரம் 50 விழுக்காட்டை ஒட்டி நிற்கும் உலர் பெட்டியில் வைக்கச் சொன்னேன். அதற்கும் வெகுவாகக் கீழே இறக்கினால் மரப்பெட்டி வெடிக்கலாம். சிலைடைத் தனிச் சிலைடுப் பெட்டியில், வெளிச்சம் படாமல், கருவிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோம். ஓர் அட்டையில் எண், காலம், லென்ஸ்களின் நிலை, குடும்ப வழக்கு, புளி பட்ட தேதி எல்லாம் எழுதினேன். புளியைப் பற்றி எழுத வேண்டாமே என்று அக்கா முதலில் தயங்கினார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டு, எழுதிவிடச் சொன்னார். அந்த வரியை அவர் கையாலேயே எழுதட்டும் என்று அட்டையில் இடம் விட்டுவைத்தேன்.